குச்சிக்கிழங்குக் காடும் குடியானவர் கவலையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடும் சிறு விவசாயிக்குக் கவலை ஒரே நாளில் வந்து போவதன்று. கரணை ஊன்றியது முதல் கிழங்கு பிடுங்கும் வரை சுமார் பத்து மாதம் அது கூடவே இருக்கிறது. கிணறு தாங்குமா, ஆலையில் எத்தனை புள்ளி சொல்வார்கள் என்பதே நினைப்பு. சேலம் சேகோசர்வ் ஏலத்தில் ஜவ்வரிசி விலை இறங்கினால் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் கிழங்குக்கு விலை இறங்குகிறது. இதில் விவசாயியின் கையில் இருப்பது கொஞ்சமே.

இப்படிக் கவலைப்படுவது இயல்பு, அது நோயன்று. ஆனால் வாரக்கணக்கில் நீடித்தால் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். நடுச்சாமத்தில் விழிப்பு, பசி மந்தம், தலைபாரம், பிள்ளைகள் மேல் எரிந்து விழுதல், காட்டுப் பக்கம் போகவே மனமில்லாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைச் சூடு, பித்தம் என்று தள்ளிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. (நெஞ்சுவலி மட்டும் வேறு சங்கதி. அதைக் கவலையின் தலையில் போடாமல் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.)

மனக்கவலைக்கும் பண்ணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் உண்டு. சம்பந்தம் நிறையவே இருக்கிறது. கவலையில் எடுக்கும் முடிவு காட்டுக்குச் செலவாக முடிகிறது. மரவள்ளி மாவுப்பூச்சியையே எடுத்துக்கொள்ளலாம். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட இப்பூச்சி இப்பகுதிக்கும் பரவியது. நுனிக்குருத்து சுருங்கிக் கொத்தாக நின்ற காட்டைப் பார்த்தவர்கள் கலங்கியதில் வியப்பில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அனகைரஸ் லோபசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் 1980-களில் மரவள்ளியைக் காத்ததும் இதே குளவிதான். ஆனால் அது பெருகிப் பலன் தரும் வரை பொறுக்க வேண்டும். இரவெல்லாம் தூங்காத மனிதனுக்கு அந்தப் பொறுமை ஏது? கிடைத்த மருந்தைக் கண்டபடி அடித்தால் குளவியும் சாகும், கடைப் பாக்கியும் ஏறும். முற்றாத கிழங்கை அவசரப்பட்டுப் பிடுங்குவதும், தவணை கட்ட இன்னொரு கடன் வாங்குவதும் இதே ரகம்தான்.

முதல் காரியம், கடன்களை ஒரு நோட்டில் எழுதுவது. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிவிட்டால், மனதில் மலையாகத் தெரிந்தது கணக்காகிவிடும். அதை வீட்டுக்காரியிடம் மறைப்பதில் பயன் இல்லை. மாடு கறந்து, குழுத் தவணையும் கட்டி வரும் அவருக்குப் பாதி ஏற்கனவே தெரியும்; அவருக்கும் தூக்கம் போயிருக்கும். வாய் திறக்காமல் தாங்குவதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்ற எண்ணம் பல குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது. கிழங்கு எடை போடப் போகும்போது பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம். புள்ளி கூடாவிட்டாலும், வழியில் பேசி வருவதில் பாரம் குறையும்.

குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. வந்த தூக்கம் பின்னிரவில் கலைந்துவிடும். காலையில் கவலையோடு செலவுக் கணக்கும் நிற்கும். மாலைக்குப் பின் டீயைக் குறைத்து, நேரத்தில் படுப்பது மேல்.

பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைப்பது எவ்வகையிலும் தவறு. மனம் தளர்ந்தவர் இருக்கும் வீட்டில் அது பேராபத்து. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊர்ப் பொது இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் மருந்தை வைக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. இங்குள்ள ஊர்களும் அதைச் செய்யலாம். அதுவரை மோட்டார் கொட்டகையில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் தெம்பும் திரும்பாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம். வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு யார் வாயிலாவது வந்தால், அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைக்க வேண்டும். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.