இசைத்தவர் பெயர் எங்கே?

2022-ம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் பெங்களூருவில் தொடரப்பட்ட ஒரு வழக்கு தில்லி அரசியல் வட்டாரத்தில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 'கே.ஜி.எஃப். 2' படத்தின் இசையை அனுமதியின்றி இந்திய ஒற்றுமை நடைப்பயண விடியோவில் பயன்படுத்தியதாகக் காங்கிரஸ் தலைவர்கள் மீது எம்.ஆர்.டி. மியூசிக் என்ற பெங்களூரு நிறுவனம் புகார் கொடுத்தது. யஷ்வந்தபுரம் போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். நவம்பர் 7-ம் தேதி பெங்களூரு வணிக நீதிமன்றம், அக்கட்சியின் டுவிட்டர் கணக்கையும் நடைப்பயணத்தின் கணக்கையும் தாற்காலிகமாக முடக்க உத்தரவிட்டது. மறுநாளே கர்நாடக உயர் நீதிமன்றம், சர்ச்சைக்குரிய பதிவுகளை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அந்த உத்தரவை ரத்து செய்தது.

இதிலுள்ள அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். பாடல் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கிய நிறுவனம் தனது உரிமையைச் சில நாள்களில் நிலைநாட்ட முடிந்தது. அது முறையே. ஆனால், திரைப்படப் பாடல் ஒன்றில் மேளம் வாசித்தவர், குழுப் பாடகராகக் குரல் கொடுத்தவர், கணினி முன் அமர்ந்து ஒலிகளை அடுக்கி அப்பாடலுக்கு உருவம் தந்தவர் ஆகியோர் தமக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்? போனாலும், வாசித்தவர் தாம்தான் என்பதற்கு எந்த ஆவணத்தைக் காட்டுவார்கள்?

இசைக் கலைஞர்களின் நிலை நாடாளுமன்றத்துக்குத் தெரியாத ஒன்றல்ல. ஒரு படத்துக்காகக் கூலி பெற்று உருவாக்கப்பட்ட இசைக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புடன் தனிக் குறிப்பு ஒன்றை இணைத்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், பாட்டைப் பாடுபவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாததைச் சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். 1994-ம் ஆண்டுத் திருத்தத்தில் தான் பாடகர், வாத்தியக் கலைஞர் ஆகியோரை 'நிகழ்த்துநர்' என்ற பெயரில் சட்டம் முதன்முறையாக அங்கீகரித்தது.

அடுத்த பெரிய அடி 2012-ல் எடுத்து வைக்கப்பட்டது. 2010-ல் மாநிலங்களவையில் தாக்கலான பதிப்புரிமைத் திருத்த மசோதாவை, கர்நாடகத்தைச் சேர்ந்த ஆஸ்கர் பெர்னாண்டஸ் தலைமையிலான நிலைக்குழு ஆராய்ந்து பரிந்துரைகள் வழங்கியது. நியமன உறுப்பினரான பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அவையில் கலைஞர்களின் வறுமையை எடுத்துரைத்தார். 2012 மே 17-ம் தேதி மாநிலங்களவையும், 22-ம் தேதி மக்களவையும் கட்சி வேறுபாடின்றி மசோதாவை நிறைவேற்றின. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை இனி நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே தரலாம் என்பது சட்டமானது. நிகழ்த்துநரின் படைப்பு வணிகரீதியில் பயன்படுத்தப்பட்டால் அவருக்கும் ராயல்டி உண்டு என்று அறிவிக்கப்பட்டது. 2013-ல் பாடகர்களுக்கெனத் தனிச் சங்கமும் பதிவு பெற்றது. பின்னர் வாத்தியக் கலைஞர்களும் அதில் சேர்த்துக் கொள்ளப்பட்டனர்.

ஆனால், வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் திரும்பப் பெறுவதுபோல, அதே 2012-ம் ஆண்டுத் திருத்தத்தில் 'நிகழ்த்துநர்' என்ற சொல்லின் விளக்கத்தோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக் கொண்டது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவரது பெயர் படத்தின் பெயர்ப் பட்டியல் உள்பட எங்கும் குறிப்பிடப்படாவிட்டால், அவர் நிகழ்த்துநர் ஆகமாட்டார். தமது பங்களிப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்று மட்டுமே அவருக்கு மிஞ்சும்.

கூட்டக் காட்சியில் வந்துபோகும் துணை நடிகர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வாசகமாக இது இருக்கலாம். ஒரு பாடலின் இடையிசையில் உருக்கமாக ஒலிக்கும் புல்லாங்குழலைத் தற்செயலானது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆயினும், பெயர் போடாததே தொழில் வழக்கமாக இருக்கும் துறையில் இந்த வாசகம் யாருக்குச் சாதகமாக விளக்கப்படும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. தம்மை அடையாளப்படுத்துமாறு கோரும் உரிமையைச் சட்டம் நிகழ்த்துநருக்குத் தந்திருக்கிறது. ஆனால், பெயர் இல்லாதவர் நிகழ்த்துநர் அல்லர். நிகழ்த்துநர் அல்லாதவர் பெயர் கேட்க முடியாது. பித்தம் தெளிய மருந்து ஒன்று உண்டு. பித்தம் தெளிந்தவருக்கே அது தரப்படும் என்பது போன்றதுதான் இது.

இது ஏதோ வழக்கறிஞர்களுக்கான நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இசைத் துறையில் ஒருவர் முன்னேறும் பாதையே பெயரில்லாத படிகளின் வழியாகத்தான் செல்கிறது. கன்னடப் படப் பாடல்கள் நெடுங்காலம் சென்னையில் தான் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஜி.கே. வெங்கடேஷின் உதவியாளராக ஏராளமான கன்னடப் படங்களில் பணியாற்றிய இளையராஜா, 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் தமது பெயரைப் பெற்றார். 1980-களில் சங்கர் நாக் சகோதரர்கள் 'சங்கேத்' ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்த பிறகு பெங்களூரு தன் காலில் நிற்கத் தொடங்கியது. 1987-ல் ஹம்சலேகா பாட்டெழுதி இசையமைத்த 'பிரேமலோக' படத்தின் கேசட்டுகள் கர்நாடகமெங்கும் ஒலித்தன. அதை வெளியிட்ட பெங்களூருவின் லஹரி நிறுவனம், 1991-ல் 'தளபதி' பாடல்களை வெளியிடும் அளவுக்கு வளர்ந்தது.

இன்றைய பெங்களூரு இசைக்குப் பாதைகள் பல. பல் மருத்துவம் படித்த ரிக்கி கேஜ், விளம்பரங்களுக்கு இசையமைத்து வளர்ந்து, 2015, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் கிராமி விருது பெற்றார். நிறுவனங்களால் பலமுறை நிராகரிக்கப்பட்ட ரகு தீட்சித், 2008-ல் தமது முதல் ஆல்பத்தை வெளியிட்டு நாடறிந்த பாடகரானார். குந்தாப்புரா வட்டாரத்தின் பஸ்ரூர் கிராமத்திலிருந்து வந்த ரவி பஸ்ரூர், கீபோர்டு வாங்கப் பணம் தந்து உதவியவரின் பெயரையே தமது பெயராகச் சூட்டிக்கொண்டவர், 'கே.ஜி.எஃப்.' படங்களால் இந்தியா முழுவதும் அறியப்பட்டார்.

இவர்கள் உச்சிக்குச் சென்றவர்கள். ஒவ்வோர் உச்சிக்கும் கீழே நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள். நட்சத்திரப் பாடகர் வந்து பாடுவதற்கு முன் 'டிராக்' பாடிக் கொடுப்பவர், தாளத்தைக் கணினியில் அமைப்பவர், ஒரு கால்ஷீட்டுக்கு வந்து தபேலா வாசித்துவிட்டுக் கூலி வாங்கிச் செல்பவர் என அவர்களின் பட்டியல் நீளமானது. இவர்களுக்கு மேடை ஒரு துணை வருமானமாக இருந்தது. அதிலும் அடி விழுந்தது. உணவகங்களில் நேரடி இசை நிகழ்ச்சிக்கு உரிமம் தேவை என்ற 2005-ம் ஆண்டு பெங்களூரு காவல் துறை ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததைத் தொடர்ந்து பல உணவகங்களில் மேடைகள் மூடப்பட்டன. 2020-ல் வந்த கொள்ளை நோய் எஞ்சியிருந்த மேடைகளையும் மௌனமாக்கியது. வாசிக்க முடியாத நாளிலும் வாசித்ததற்கு வருமானம் தருவதுதான் ராயல்டி. அது பெயர் பதிவானவர்களுக்கே போகும்.

'மியூசிக் புரொட்யூசர்' என்று இன்று அழைக்கப்படுபவரின் நிலை இன்னும் விசித்திரமானது. மெட்டு ஒருவருடையது, அதற்கு ஒலி வடிவம் தருவது இவர். ஆனால், சட்டத்தின் பார்வையில் ஒலிப்பதிவின் 'தயாரிப்பாளர்' என்பவர், அதைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக் கொள்பவர். நடைமுறையில், பணம் போடும் நிறுவனம். இரவு பகலாகக் கணினி முன் உழைப்பவருக்கு அந்தப் பெயரில் சட்டத்தில் தனியிடம் இல்லை.

இவை அனைத்துக்கும் மேலாக, பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஏ பிரிவை உறுப்பினர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். திருட்டு கேசட்டுகளை ஒழிப்பதற்காக 1984-ல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. ஒலிப்பதிவை உருவாக்கியவரின் பெயர், முகவரி. உரிமையாளரின் பெயர், முகவரி. முதலில் வெளியான ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிடாமல் எந்த ஒலிப்பதிவையும் வெளியிடக் கூடாது என்று அது விதிக்கிறது. அதாவது, நிறுவனத்தின் பெயர் இல்லாமல் பாடல் வெளிவரக் கூடாது. பாடியவர், வாசித்தவர் பெயர் இல்லாமல் வெளிவரலாம். முதலீட்டுக்குப் பெயர் கட்டாயம். உழைப்புக்குப் பெயர் விருப்பம்.

படத் தயாரிப்பாளர்களும் இசை நிறுவனங்களும் கூறும் எதிர்வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. பத்துப் படங்களில் ஓரிரண்டே வெற்றி பெறுகின்றன. நஷ்டத்தில் வாத்தியக் கலைஞர் பங்கு கொள்வதில்லை. பேசிய கூலி அன்றே தரப்படுகிறது. ஆளுக்கொரு பங்கு கேட்டால் யார் முதலீடு செய்வார்கள் என்பது அவர்களின் கேள்வி. ஆனால், பெயரைப் பதிவு செய்வதால் தயாரிப்பாளரின் உரிமை கைமாறுவதில்லை. பாடல் ஈட்டும் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பது பின்னால் பேசித் தீர்க்க வேண்டியது. யார் யார் வாசித்தார்கள் என்ற கணக்கே இல்லாவிட்டால் அந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது. கைப்பேசியிலும் கணினியிலும் பாடல் கேட்கப்படும் இந்நாளில் பெயர்ப் பதிவுக்குச் செலவும் அதிகமில்லை. முன்பு கேசட் உறையில் இடமில்லை என்றார்கள். இன்று அந்தச் சாக்கும் இல்லை.

அமெரிக்காவில் இணைய வானொலி போன்றவை செலுத்தும் ராயல்டியில் 50 சதவீதம் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும் போக, எஞ்சிய 5 சதவீதம் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. 2018-ல் அந்நாட்டு காங்கிரஸ் நிறைவேற்றிய இசை நவீனமயச் சட்டம், முதன்மைக் கலைஞர் எழுத்து மூலம் ஒப்புதல் தந்தால் மியூசிக் புரொட்யூசர், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகியோருக்கும் நேரடியாகப் பங்கு போய்ச் சேர வழிசெய்தது. இதனால் அங்கு இசைத் தொழில் நொடித்துப் போய்விடவில்லை.

பெயரின் தேவை இனி மேலும் கூடும். 2024-ல் 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் மீட்டுப் பயன்படுத்திய ஏ.ஆர். ரஹ்மான், அவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் அளித்ததாகத் தெரிவித்தார். பாராட்டத்தக்க முன்மாதிரி. அந்தக் குரல்களுக்குப் பெயர் இருந்ததால், யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்தது. பெயரே பதிவாகாத குரலை இயந்திரம் எடுத்துக் கொண்டால் யாரிடம் அனுமதி கேட்பார்கள்?

பாதிக்கப்பட்டவர் முறையிடவும் எளிய இடமில்லை. பதிப்புரிமை வாரியம் 2017-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துடன் இணைக்கப்பட்டது. அந்த வாரியமும் 2021-ல் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் உயர் நீதிமன்றங்களுக்கும் வணிக நீதிமன்றங்களுக்கும் போயின. நாள் கூலிக்கு வாசிக்கும் கலைஞர் அந்தப் படிகளில் ஏறுவார் என எதிர்பார்ப்பது நியாயமல்ல. எனவே, வழக்குக்கு அவசியமே இல்லாதபடி தொடக்கத்திலேயே சரி செய்வதுதான் முறை.

அதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை. 52-ஏ பிரிவில் நிறுவனத்தின் பெயருடன் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், வாத்தியக் கலைஞர், மியூசிக் புரொட்யூசர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நிகழ்த்துநர் விளக்கத்திலுள்ள நிபந்தனை ஒலிப்பதிவில் பங்கேற்றவர்களுக்குப் பொருந்தாது என்று இன்னொரு வரி. தனிநபர் மசோதா எதுவும் 1970-க்குப் பிறகு சட்டமானதில்லை என்பதால், இதை மத்திய அரசே கொண்டுவர வேண்டும். 2016 முதல் பதிப்புரிமை நிர்வாகத்தைக் கவனித்துவரும் வர்த்தக, தொழில் அமைச்சகத்துக்கு இது கடினமான பணியல்ல.

அதற்கான குரலை எழுப்ப அவையில் ஆள் இல்லாமலும் இல்லை. கர்நாடகத்திலிருந்து மக்களவையில் 28 பேரும் மாநிலங்களவையில் 12 பேரும் இருக்கின்றனர். 2022 ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட இளையராஜா, கன்னடப் பட ஒலிப்பதிவுக் கூடங்களில் உதவியாளராக நின்ற காலத்தை அறிந்தவர். தம் பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் வரை சென்றவரும் கூட. 2012-ல் ஒரு பாடலாசிரியர் பேசியதை அவை கேட்டது. இம்முறை, பெயர் தெரியாத வாத்தியக் கலைஞருக்காக ஓர் இசையமைப்பாளர் பேசினாலும் அவை கேட்கும்.