காதுக்குள் கேட்கும் குரல்



இம்முறை கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதப்போகிறோம். "பக்ரறியில எட்டு மணித்தியாலம் நிண்டு முறியிற உங்களுக்குப் பந்தயக் கார் ஒண்டுதான் குறைச்சல்" என்று வீட்டிலேயே பேச்சு விழுந்துவிட்டது. நீங்களும் அப்படி நினைத்தால் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். கதை கடைசியில் உங்கள் வேலைத்தலத்துக்குத்தான் வந்து சேரும்.

எங்களோடு வேலை செய்த இத்தாலிக்காரப் பெரியவர் ஒருவர்தான் இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவர். ஐரோப்பாவில் பிற்பகலில் ஓடும் பந்தயம் இங்கே ஞாயிறு காலையில் ரிவியில் வரும். ரொறன்ரோவிலும் 1986இல் தொடங்கி எக்ஸிபிஷன் பிளேஸ் வீதிகளில் இன்டி கார்கள் ஓடியது பலருக்குத் தெரியும். அந்தப் பந்தயத்தை எங்கள் சனம் நிறைந்த மார்க்கத்துக்கு மாற்றுவதாக 2025இல் அறிவித்தார்கள். ஆனால் பெரியவருக்கு போர்முலா வன் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. மொன்றியலில் அந்தப் பந்தயம் நடக்கும் பாதைக்கு ஜில் வில்நெவ் என்ற கியூபெக்காரரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே பெரியவர் தொப்பியைக் கழற்றுவார்.

வில்நெவ் பெராரி அணிக்கு ஓடியவர். 1982 ஏப்ரல் 25ஆம் திகதி இத்தாலியின் இமோலாவில் பந்தயம். முன்னால் வில்நெவ், பின்னால் அதே அணியைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் டிடியே பிரோனி. வேறு யாரும் கிட்ட இல்லை. பாதையோரம் நின்ற அணிக்காரர்கள் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் இருந்தது ஒரேயொரு சொல்: 'ஸ்லோ'. மெதுவாகப் போ என்பதுதான்.

வில்நெவ் அதை, 'இப்போது இருக்கிற ஒழுங்கிலேயே வாருங்கள், ஒருவரையொருவர் முந்தவேண்டாம்' என்று விளங்கிக்கொண்டார். பிரோனியோ, காரைப் பார்த்து ஓட்டச் சொல்கிறார்களே தவிர முந்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் முந்தி வென்றும் விட்டார். ஏமாற்றப்பட்டதாக நினைத்த வில்நெவ் பிரோனியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரண்டு கிழமைக்குள், மே 8ஆம் திகதி, பெல்ஜியத்தின் சோல்டரில் தகுதிகாண் ஓட்டத்தின்போது வேறொரு காரில் மோதி உயிரை விட்டார். வயது 32. அந்த ஒரு சொல்தான் அவரைக் கொன்றது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாக விளங்கிக்கொண்டார்கள். அதைத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை.

பிறகு பலகையின் இடத்தை றேடியோ பிடித்தது. ஓட்டியின் காதுக்குள் அணியின் குரல் கேட்கும். எந்த ரயர், எவ்வளவு எண்ணெய், எஞ்சினில் என்ன கோளாறு, எல்லாம் சொல்வார்கள். நாளடைவில், எந்த வளைவில் எப்படித் திரும்புவது என்பதுவரை சொல்லத் தொடங்கவே, "அப்படியென்றால் ஓடுவது யார்? உள்ளே இருப்பவரா, வெளியே இருப்பவரா?" என்ற கேள்வி எழுந்தது. ஓட்டி பிறர் உதவியின்றித் தனியாகக் காரை ஓட்டவேண்டும் என்பது அந்தப் பந்தயத்தின் சட்டம். அதைக் காட்டி 2014இல் எப்.ஐ.ஏ. என்ற உலக அமைப்பு றேடியோப் பேச்சுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2016இல் அதை மேலும் இறுக்கியது.

அதன் விளைவைப் பாருங்கள். 2016 யூனில் பாக்கு நகரில் லூயிஸ் ஹமில்டனின் காரில் எஞ்சின் அமைப்பு ஒன்று பிழையாக நின்றது. எதைத் திருத்தவேண்டும் என்று அணிக்குத் தெரியும். ஆனால் சொல்லக்கூடாது. மனிதர் பாதையையும் பார்த்து, கைப்பிடியில் இருந்த பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தபடி ஓடினார். அடுத்த மாதம் சில்வர்ஸ்டனில் நிக்கோ ரொஸ்பேர்க்கின் கியர்பெட்டி பழுதானபோது அவருடைய அணி வாய் திறந்து சொன்னது. ஏழாவது கியரில் நிற்காதே என்று சொன்னது சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பாகி, 10 செக்கன் தண்டனை கிடைத்து, இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். அந்த யூலை முடிவதற்குள் எப்.ஐ.ஏ. அந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டது.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிகாலம். தகரம் வெட்டி வளைக்கிற ஒரு பக்ரறியில் வேலை. படிப்போ பாதியில் நின்றது, இங்கிலிசோ எண்ணி நாலு சொல். ஒருநாள் மெஷினுக்குள் தகரம் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் நின்ற போர்மன் "ஹோல்ட் இற்! ஹோல்ட் இற்!" என்று கத்தினார். ஹோல்ட் என்றால் பிடி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். ஓடிப்போய்த் தகரத்தைப் பிடித்தோம். அவர் சொன்னது 'நிறுத்து' என்று. கையுறை கிழிந்து, சுட்டுவிரல் நுனியில் நகத்தோடு கொஞ்சம் போனது. முழு விரலும் போகாதது ஊர்ப் பிள்ளையார் செய்த புண்ணியம்.

அதைவிட நோவு வேறொன்று. பக்கத்து மெஷினில் ஊர் அண்ணை ஒருவர் நின்றவர். எங்களுக்கு விளங்கவில்லை என்பது அவருக்கு விளங்கியிருந்தது. ஆனால் லைனில் நின்று தமிழ் கதைக்கக்கூடாது என்று அதற்கு முதல் கிழமைதான் உத்தரவு போட்டிருந்தார்கள். அண்ணை வாயெடுக்கத் தயங்கிய அந்த இரண்டு செக்கனில் காரியம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து அழுதவர் அவர்தான். பாக்குப் பந்தயத்தைப் பார்த்த காலையில் எங்களுக்கு அண்ணையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

பிறகு அறிக்கை எழுதினார்கள். 'நிறுத்தச் சொல்லப்பட்டது, தொழிலாளி கேட்கவில்லை' என்று அதில் இருந்ததாம். அதையும் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தோம். போர்மன் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னார்தான். ஆனால் சொன்னது எங்களிடம் வந்து சேரவில்லை என்பது எந்தத் தாளிலும் இல்லை.

பந்தயத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. றேடியோப் பேச்சுப் பதிவாகிறது. 2009இல் மெல்பேர்னில், யார்னோ ட்ருல்லி தவறாக முந்தினார் என்று அவரைத் தண்டித்து ஹமில்டனுக்கு மூன்றாம் இடத்தைக் கொடுத்தார்கள். ட்ருல்லியை முன்னே விடும்படி ஹமில்டனுக்கு யாரும் சொல்லவில்லை என்று அவரது அணி விசாரணையில் நின்றது. நாலு நாள் கழித்துப் பதிவைப் போட்டுக் கேட்டபோது விடச் சொன்னது தெளிவாகக் கேட்டது. ஹமில்டன் நீக்கப்பட்டார், ட்ருல்லிக்கு இடம் திரும்பக் கிடைத்தது. எங்களுக்கு அப்படியொரு பதிவு கிடையாது. ஆகவே நாங்கள்தான் கவனமாக இருக்கவேண்டும்.

புதிதாக வந்த தம்பிமார், தங்கச்சிமார் இந்த நாலையும் மனதில் வையுங்கள்.

ஒன்று, விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லி "இதுதானே?" என்று கேளுங்கள். றேடியோவில் ஓட்டிகளும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் வெட்கம் இல்லை.

இரண்டு, ஒன்ராறியோவின் தொழிற் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் 1979இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேலையிலுள்ள ஆபத்தை அறியவும், ஆபத்தென்று நம்பினால் அந்த வேலையை மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று, காயப்பட்டால் மறைக்காதீர்கள். டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலைத்தலக் காப்புறுதிச் சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

நாலு, அகதி விசாரணையிலும் கோட்டிலும் மொழிபெயர்ப்பாளர் கேட்பது யாரும் போடும் பிச்சை அல்ல. கனடாவின் உரிமைச் சாசனத்தின் 14ஆவது பிரிவு தந்த உரிமை. ஆனால் அவர் உங்கள் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் அங்கே கொண்டுபோகவேண்டுமே தவிர, பதிலைக் காதுக்குள் சொல்லித்தரக்கூடாது. பதில் உங்களுடையதாக இருக்கவேண்டும்.

எங்கள் மனதுக்குப் பட்டதும் இதுதான். ஒருவர் செய்யவேண்டிய வேலையை இன்னொருவர் காதுக்குள் இருந்து செய்தால் அது நியாயமில்லை. ஆனால் ஆபத்தில் இருப்பவருக்கு விளங்கும் சொல்லில் எச்சரிப்பதைத் தடுக்கிற சட்டமும் நியாயமில்லை. அதை விளங்கிக்கொள்ள எப்.ஐ.ஏ.க்குச் சில மாதங்கள் எடுத்தன. எங்கள் பக்ரறிக்கு ஒரு விரல் நுனி எடுத்தது. அடுத்த கிழமையே, ஆபத்து நேரத்தில் எந்தப் பாஷையிலும் கத்தலாம் என்று உத்தரவை மாற்றினார்கள்.

இப்போது எங்கள் பக்கத்து மெஷினில் ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் நிற்கிறார். முதல் நாளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சொல்: 'ஸ்ரொப்'. அதைக் கேட்டால் இரண்டு கையையும் மேலே தூக்கவேண்டும். தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைப் போட்டோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.