அளவுகோல் ஒன்றாகுக

தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்சு ஆகிய நாடுகளில் சோறும் மீனும் மக்களின் பொது உணவாகும். ஆயினும், அவ்வுணவுகளின் சத்தினை ஒவ்வொரு நாட்டாரும் வெவ்வேறு முறையால் அளப்பின் பயன் யாது? நார்ச்சத்து, பழைய முறையால் அளக்கக் குறைந்தும் புதிய முறையால் அளக்க மிகுந்தும் தோன்றும். பொருள் ஒன்று, எண்களோ இரண்டு! அவற்றை நம்பி நோயாளிக்கும் சிறுவர்க்கும் உணவு வகுப்போர் இடர்ப்படுவர்.

இதனை உணர்ந்த தென்கிழக்காசிய அறிஞர், தத்தம் நாட்டுக் கணக்குகளை ஒருங்கு சேர்த்தனர். 2000ஆம் ஆண்டில் தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகம் அவற்றைப் பொதுப் பட்டியலாக வெளியிட்டது.

தனித்தனியே அளப்பதே பெருமை என்பாரும் உளர். அது பொருந்தாது. உணவை ஆராய்தல் பெருஞ்செலவுடையது. ஒருவர் உழைப்பு மற்றவர்க்கும் பயன்படல் வேண்டும். விளைபொருளை அவரவர் மண்ணிலிருந்தே எடுத்து ஆராய்க. அளக்கும் முறை மட்டும் யாவர்க்கும் ஒன்றாகுக.