பத்துக்குப் பன்னிரண்டு

போன வாரம் மகள் ஒரு தாளில் வீடு வரைந்து கொண்டுவந்தாள். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே சரிவில் நாங்கள் வாங்கிப் போட்டிருக்கும் 8 பேர்ச்சஸ் காணிக்கான வீடு. ஓர் அறை, குசினி, குளியலறை, முன்னால் இஸ்தோப்பு. மொத்தம் 400 சதுர அடி. அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிகள் சிறு வீட்டுக்கு வைத்திருக்கும் உச்ச அளவும் அதுதான் என்றாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நெடுநேரம் பார்த்தார்.

"இது காம்பராதானே தாயி? அத விட்டு வெளிய வர எனக்கு நாப்பது வருசம் ஆச்சு. நீ காசு குடுத்து அதுக்குள்ள போறேங்கிறியே."

அம்மா சொன்ன காம்பரா கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தது. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் நாங்கள் ஏழு பேர். அடுப்பு இஸ்தோப்பின் மூலையில். புகை போக வழியில்லாமல் கூரைத் தகரம் கரியேறிக் கிடக்கும். அக்காவுக்குக் கல்யாணமானபோது அம்மாவின் சேலை ஒன்று நடுவில் திரையானது. புதுத் தம்பதி ஒரு பக்கம், மற்ற எல்லாரும் மறுபக்கம். அடுத்த காம்பராவில் குழந்தை இருமினால் எங்களுக்குத் தூக்கம் கலையும். இங்கே அப்பா கோபப்பட்டால் கோடிக் காம்பரா வரைக்கும் தெரியும்.

உலகத்தில் சிறு வீட்டை விரும்புகிறவர்கள் அடிக்கடி நினைவுகூருவது எழுத்தாளர் தோரோவின் குடில். 1845இல் அமெரிக்காவில் வால்டன் குளக்கரையில் அவர் தன் கையால் கட்டியது. 10 அடிக்கு 15 அடி. செலவு 28 டொலர் 12½ சதம். ஏறக்குறைய அதே காலத்தில்தான் கண்டியைச் சுற்றிக் கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கு லயங்கள் எழுந்தன. தோரோவின் குடில் எங்கள் காம்பராவைவிட 30 சதுர அடிதான் பெரிது. ஆனால் அவர் தனியாள். இரண்டு வருடமும் இரண்டு மாதமும் இருந்தார். போதும் என்று தோன்றிய நாளில் கதவைச் சாத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார். எங்கள் லயத்தில் வேலை போனால் கூரையும் போகும். சுவரில் ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமென்றாலும் தோட்டத் துரையின் உத்தரவு வேண்டும்.

லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் முதலில் ஒரு மரக்குடிலில்தான் வாழ்ந்தார். இன்று அங்கே போனால் அந்தக் குடிலில் எஞ்சியிருப்பது புகைபோக்கி. அதன் முன்னால் நின்றபோது எனக்கு அம்மாவின் இருமல்தான் ஞாபகம் வந்தது.

அதனால் அம்மாவின் பயத்தை நான் பழங்காலத்துப் பேச்சென்று ஒதுக்கவில்லை. அதே சமயம் மகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் விற்கும் விலையில், பெரிய வீடு என்பது ஆயுள் முழுக்க அடைக்கும் கடன். எங்களுடையதோ மலைச்சரிவு. வீடு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு மண்மேட்டை வெட்ட வேண்டும். வெட்டிய மேடு மழைக்கு இறங்கும். கண்டி மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று கேட்பது அதனால்தான். வீட்டைக் கையடக்கமாக வைத்தால் வெட்டும் குறையும், அணைச்சுவரின் உயரமும் குறையும். சரிவில் சிறு வீடு மலைக்குச் செய்யும் மரியாதை.

யோசித்துக்கொண்டே ஒரு மாலை வட்டபுளுவ வரை நடந்தேன். 1950களில் அங்கே அரச ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தவர் கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா. குடியேறப் போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், வீட்டில் யார் யார், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டறிந்து, அதற்குத் தக்கபடி வீட்டு வகைகளை வரைந்தார். லயத்தைக் கட்டியவர்கள் அங்கே வாழப்போகிறவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தச் சரிவில் நின்றபோது எனக்கு விடை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து தாளை அம்மாவிடமே கொடுத்தேன். "என்ன வேணும்னு நீங்க சொல்லுங்கம்மா."

அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அடுப்புக்கு மேலே புகைபோக்கி. தண்ணீர்க் குழாய் குசினிக்குள்ளேயே. மலசலகூடத்துக்கு மழையில் நனையாமல் போக வேண்டும். எதிரெதிரே இரண்டு ஜன்னல். காற்று குறுக்கே ஓடாவிட்டால் கண்டி மழைக்காலத்தில் துணியெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரத்துணி காயப்போட கூரையை ஒரு பக்கம் நீட்டிவிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. இஸ்தோப்பு மட்டும் அறையைவிடப் பெரிதாக. ஏன் என்று மகள் கேட்டாள்.

"நல்லது கெட்டதுக்குச் சனம் வருமே, எங்க உக்காரும்? நான் போனா என்னக் கெடத்தவும் எடம் வேணாமா?"

சிறு வீட்டுப் படங்கள் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. படுக்க அறை போதும். உறவு வந்து நிற்க முற்றமும் இஸ்தோப்பும் வேண்டும். அம்மா சொன்னதையெல்லாம் சேர்த்து வரைந்தபோது வீடு 480 சதுர அடிக்கு வந்தது. மகள் மறுக்கவில்லை.

தோட்டங்களில் இப்போது 550 சதுர அடித் தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியிலும் ஆயிரக்கணக்கில் கட்டப்படுகின்றன. மாளிகைகள் அல்ல. ஆனாலும் அங்கே குடிபோனவர்கள் முதலில் செய்வது வாசலில் ஒரு பூச்செடி நடுவது. நட்டதைப் பிடுங்கச் சொல்ல யாருமில்லை என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை இன்னும் லயத்திலேயே இருக்கும் பெருந்தொகையானோருக்கும் சீக்கிரம் கிடைக்க வேண்டும். காணிப் பத்திரத்துக்கு நம் ஊரில் உறுதி என்று பெயர். அந்தச் சொல்லை வைத்தவர்கள் வாழ்க்கையை அறிந்தவர்கள்.

அம்மா கடைசியாக ஒன்று கேட்டார்.

"அடுத்த வீட்டுச் சுவரு எவ்வளவு தூரத்துல வரும்?"

மகள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். "பதினெட்டு அடி அப்பாயி."

அம்மா எழுந்து கூடத்தில் அந்தப் பதினெட்டு அடியைக் கால்மாற்றி வைத்து அளந்து பார்த்தார். கூடம் போதவில்லை. கதவைத் திறந்து வாசலில் இறங்கி மிச்சத்தை நடந்தார்.