பலகையும் பாலமும்

ஒரு சின்னக் கணக்கு. கிரிக்கெட் மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். பந்தைவிட மட்டை 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? ‘பத்து ரூபாய்’ என்று மனம் முந்திக்கொண்டிருக்கும். தவறு. பந்து 5 ரூபாய், மட்டை 105.

நமக்குள் இரண்டு விதமாக யோசனை நடக்கிறது என்றார் 2024-ல் மறைந்த நோபல் பரிசு உளவியலாளர் டேனியல் கானமன். ஒன்று, சிரமமில்லாமல் சட்டென்று முடிவு சொல்லும். இன்னொன்று, நிதானமாகக் கணக்குப் போடும். ஆனால் சோம்பேறி. முதலாவது நீட்டும் காகிதத்தில் பெரும்பாலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடும்.

கணக்கில் தவறினால் நஷ்டம் ஐந்து ரூபாய். பாலத்தில் தவறினால்?

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. புணே மாவட்டம் தளேகாவ் அருகே குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் மீதிருந்த பழைய இரும்புப் பாலம் இடிந்து விழுந்தது. மழைக்கால ஆற்றைப் பார்க்க வந்த கூட்டம் அதன் மேல் நின்றிருந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஏராளமானோருக்குக் காயம். ஆபத்து என்று எச்சரிக்கும் பலகை அங்கே இருந்தது.

‘பலகையைப் பார்த்துமா போனார்கள்?’ என்று கேட்பது சுலபம். அதுவும் அவசர மனதின் தீர்ப்புதான். பாலத்தில் கால் வைப்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். பலகை ‘போகாதே’ என்கிறது. எதிரே நிற்கும் நூறு பேர் ‘வா’ என்கிறார்கள். எழுத்தைவிட மனிதர்களை நம்பித்தான் நமக்குப் பழக்கம். உண்மையில் அந்தக் கூட்டம்தான் ஆபத்து. மனமோ அதையே பாதுகாப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது.

அனுபவமும் இங்கே கைகொடுக்காது. தீயணைப்பு அதிகாரிகளின் உள்ளுணர்வு பல நேரம் சரியாக இருக்கிறது என்று கண்டவர் கேரி க்ளைன். அவரும் கானமனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: சூழல் ஒழுங்கான தடயங்களைத் தரவேண்டும், தவறினால் உடனே தெரியவேண்டும். துருப்பிடித்த பாலம் அப்படிப்பட்ட ஆசிரியர் அல்ல. நேற்று தாங்கியது, இன்றும் தாங்கியது என்று தினமும் தவறான பாடத்தையே நடத்துகிறது. சரியான பாடம் ஒரே ஒரு முறைதான்.

ஆகவே நிதானமாக யோசிக்கும் பொறுப்பை விடுமுறைக்கு வந்தவரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதற்குத்தான் பொறியாளர், ஆய்வு அறிக்கை, அரசாங்கம் எல்லாம். பாலம் ஆகாது என்று தெரிந்த பிறகு வேண்டியது பலகை அல்ல, பூட்டிய கதவு. பலகை யோசிக்கச் சொல்கிறது. கதவு யோசிக்காதவரையும் காப்பாற்றுகிறது.

ஒன்று மட்டும் அதிகாரிகள் கவனிக்க வேண்டும். நிதானமாக யோசிப்பது வேறு. ஃபைல் நிதானமாக நகர்வது வேறு.