சிறுமி சொன்னாள், லிங்கன் கேட்டார்!

குழந்தைகளே! ஆபிரகாம் லிங்கன் படத்தில் தாடி இருக்கிறதே, அது ஒரு சிறுமி சொன்ன யோசனை!

1860-ம் ஆண்டு அவர் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்றார். அப்போது தாடி கிடையாது. நியூயார்க் மாநிலம் வெஸ்ட்பீல்டு என்ற ஊரில் இருந்து 11 வயது சிறுமி கிரேஸ் பெடல் அவருக்குக் கடிதம் எழுதினாள்.

முகம் ஒல்லியாக இருக்கிறதாம். தாடி வைத்தால் எடுப்பாக இருக்குமாம். பெண்களுக்குத் தாடி பிடிக்குமாம். கணவன்மாரிடம் சொல்லி ஓட்டுப் போடச் செய்வார்களாம்! (அன்று பெண்களுக்கு ஓட்டு இல்லை.)

லிங்கன் சிரித்து ஒதுக்கவில்லை. நாலே நாளில் பதில் எழுதினார். தேர்தலில் வென்றார். தாடியும் வளர்த்தார்.

1861 பிப்ரவரியில், பதவி ஏற்கப் போகும் வழியில் வெஸ்ட்பீல்டில் ரெயில் நின்றது. கூட்டத்தில் கிரேசை அழைத்து முத்தமிட்டார்.

பெற்றோர்களே! குழந்தை பேச வந்தால், "சும்மா இரு" என்று விரட்டாதீர்கள். நாடாளப் போனவருக்கே நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?