கூறு போட்டவனே நாட்டாமையா?



விருத்தாசலத்தில் பீங்கான் வியாபாரம் செய்யும் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! 'நாட்டைத் துண்டு போட்டது உங்க ஆளுங்கதானே' என்று சரக்கு எடுக்க வந்தவர் சொல்கிறார். வியாபாரம் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்" என்றார்.

வாயை மூட வேண்டாம், தம்பி! கோபமும் வேண்டாம். தேதிகளைச் சொல்லுங்கள். அது போதும்.

1947 பிப்ரவரி 20 அன்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி, 1948 ஜூனுக்குள் வெளியேறுவோம் என்றார். ஜூன் மாதத்தில் மவுண்ட்பேட்டன் அந்தக் கெடுவை 1947 ஆகஸ்ட் 15 என்று சுருக்கினார். எல்லைக் கோடு கிழிக்க லண்டனிலிருந்து வந்த ராட்கிளிஃப், அதற்கு முன் இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர்! ஜூலை 8-ல் வந்தார். ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் அறுத்துக் கொடுத்தார். நம்மூரில் ஒரு கோப்பை செய்வதற்கே களிமண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்க்கிறோம். கோடிக்கணக்கான மனிதர் வாழும் மண்ணை இவர் வரைபடத்தில் மட்டும் பார்த்தார்!

சுதந்திர நாளுக்கு முன்பே கோடு தயாராகிவிட்டது. வெளியிட்டது எப்போது? ஆகஸ்ட் 17! கொடியேற்றிய மக்களுக்குத் தம் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாது. ரத்தம் ஓடும்போது பொறுப்பு நம்முடையதல்ல என்று லண்டன் கைகழுவ வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தாமதம்! ஒரு கோடிக்கும் அதிகமானோர் அகதிகளானார்கள். பல லட்சம் பேர் மாண்டார்கள். முஸ்லிம், இந்து, சீக்கியர் என்று மரணம் பேதம் பார்க்கவில்லை.

அதன் பிறகு என்ன நடந்தது?

வெட்டியவனே நாட்டாமையாக வந்து உட்கார்ந்தான்! காஷ்மீரில் சண்டை மூண்டபோது இந்தியப் படைக்குத் தலைமைத் தளபதி லாக்கார்ட், பிறகு புச்சர். பாகிஸ்தான் படைக்கு மெசர்வி, பிறகு கிரேசி. நால்வரும் ஆங்கிலேயர்! 1948 ஜனவரி 1-ல் இந்தியா ஐ.நா.வுக்குப் போனது. அங்கே பிரிட்டன் சார்பில் பேசிய அமைச்சர் நோயல்-பேக்கர் பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தார் என்று டெல்லி குமுறியது.

உடனே, 'பார்த்தாயா, பிரிட்டனுக்கு முஸ்லிம்கள் மீது பாசம்' என்று யாரும் ஏமாற வேண்டாம்! 1917-ல் பால்ஃபர் பிரகடனத்தின் மூலம் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் வாக்களித்தது யார்? 1948 மே மாதம் அந்த மண்ணைப் போர்க்களமாக விட்டுவிட்டுக் கப்பலேறியது யார்? இதே பிரிட்டன்தான்! பாலஸ்தீனத்தில் வாங்கிய கெட்ட பெயரைக் காஷ்மீரில் கழுவப் பார்த்தார்கள். எண்ணெய்க் கிணறுகளும் ராணுவத் தளங்களும் முஸ்லிம் நாடுகளில் இருந்தனவே! அது பாசமல்ல, கணக்கு.

ஐம்பது ஆண்டு கழிந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. 1997-ல் எலிசபெத் ராணி பாகிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் விருந்தாளியாக வந்தபோது, உடன் வந்த வெளியுறவு அமைச்சர் ராபின் குக் காஷ்மீர் பற்றிப் பேசிப் புயலைக் கிளப்பினார். வீட்டை இடித்தவன் வாடகை கேட்டு வந்த கதை!

நாம் எதையும் மறைக்கவில்லை. ஜூன் 3 திட்டத்தை லீக் தலைவர்களும் ஏற்றார்கள், காங்கிரஸ் தலைவர்களும் ஏற்றார்கள். 1946 தேர்தலில் சென்னை மாகாணத்து நம் பெரியவர்கள் லீகிற்கு வாக்களித்ததும் உண்மை. ஆனால் அன்று வரி கட்டியவர், சொத்துள்ளவர், படித்தவர் போன்ற சிலருக்கே வாக்குரிமை இருந்தது. பீடி சுற்றியவரும் மூட்டை தூக்கியவரும் எந்தப் பெட்டியில் வாக்குப் போட்டார்கள்? அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்று கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

சகோதரர்களே, சிந்தியுங்கள்! இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டையிட்டால்தான் மூன்றாமவனுக்கு நாட்டாமை நாற்காலி கிடைக்கும். உள்ளூரில் யாராவது நம்மை மோதவிட்டுப் பஞ்சாயத்துப் பேச வந்தால் அவன் முகத்தை உற்றுப் பாருங்கள். ராட்கிளிஃபின் சாயல் தெரியும்!

தம்பி! அந்த வாடிக்கையாளர் மீண்டும் வருவார். ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். ஆகஸ்ட் 15-க்கும் 17-க்கும் இடையில் நடந்ததைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரும் இந்த மண்ணுக்காரர்தான். கேட்பார்.